நலம், எழுத்து இல்லை

ராத்திரி பதினொன்றுக்குக் கரண்ட் வந்தது.
பயின்னாவ்ங் சந்தையின் பின்தெருவில்
தூங்காத பிள்ளைகள் "மீ லா பீ" என்று கத்தினார்கள்.
மூன்று மணிக்குப் போய்விடும்.
நாலு மணி நேரம்தான் எனக்கும்
கட்டைவிரல் நீளமுள்ள இந்தப் பென்டிரைவுக்கும்.

உள்ளே பன்னிரண்டு கண்டெய்னர் உளுந்து.
மூட்டை எண், எடை, ஈரப்பதம், தூசு எத்தனை சதவீதம்,
யாருக்கு எவ்வளவு தரகு.
காலை ஏழுக்குள் பட்டியல் துறைமுகம் போகாவிட்டால்
சென்னையில் யாரோ ஊறப்போட வேண்டிய இட்லி
ரங்கூனில் சாக்குக்குள்ளேயே கிடக்கும்.

முன்பக்கத் துளையில் செருகினேன்.
"அறியாத சாதனம்" என்றது கம்ப்யூட்டர்,
திங்கட்கிழமை வரை தினமும் பார்த்த முகத்தை.

உருவினேன். ஊதினேன்.
ஊதி ஒன்றும் ஆகாது என்று தெரியும்,
எல்லாரும்தான் ஊதுகிறார்கள்.
பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்.
முன்துளைக்குக் கரண்ட் பற்றாமல் இருக்கலாம்,
ஊருக்கே பற்றவில்லை.
மேசைக்கடியில் தவழ்ந்து
எலிப்புழுக்கையை ஒதுக்கிவிட்டு
பின்துளையில் செருகினேன்.

டிங்.

வந்துவிட்டது. ஆனால் காணோம்.
அதன் சிறு விளக்கு மினுக்குகிறது, திரையில் ஒன்றுமில்லை.
வாசலில் செருப்பு கிடக்கிறது,
வீட்டுக்குள் யாரும் பதில் சொல்லவில்லை.

டிரைவரை நீக்கி மறுபடி ஏற்றினேன்.
அணைத்துப் போட்டேன்.
முதலாளிக்குப் போன் அடித்தேன்.
"ரெண்டு தட்டு தட்டிப் பாரு, யோகம்."
மாணிக்கவேலு முதலாளிக்கு
உலகத்தில் இருப்பதெல்லாம் தராசு.

பன்னிரண்டே முக்காலுக்கு
இந்த ஆறு வருஷத்தில் நான் நுழையாத
டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற அறைக்குள் போனேன்.
மனை பிரித்த வரைபடம் மாதிரி கட்டங்கள்.
முதல் மனை சி. அடுத்தது டி.
எல்லாவற்றுக்கும் கீழே, ஓரத்தில், இது.
பதினாறு ஜிபி.
பக்கத்தில் ஒரே ஒரு சொல்: நலம்.

நலமாம்!
கூப்பிடத்தான் எழுத்து இல்லை.
ஈ என்ற இதன் எழுத்தில்
செவ்வாய்க்கிழமை வந்த பிரிண்டரின் கார்டுத்துளை
கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறது.

குடிவரவு ஆபீசில் ஒருநாள்
"மா ஹ்னின் யீ" என்று மூன்று தரம் கூப்பிட்டார்கள்.
அட்டையில் அதுதான் நான்.
யோகவல்லி பெஞ்சில் உட்கார்ந்து
யாரப்பா அது, எழுந்து போகாமல் இருக்கிறாள் என்று
மற்றவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தேன்.
காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை,
நலமாகத்தான் இருந்தேன்.

வலது கிளிக்.
"எழுத்தை மாற்று" என்று ஒரு வரி.
அதை ஒட்டி, கீழே, "ஃபார்மட்".
நடுவில் ஓர் உளுந்தின் தடிமன்கூட இல்லை.
மேலே அழுத்தினால் பெயர்,
கீழே அழுத்தினால் கூட்டிப் பெருக்கிய களம்.
மவுஸை இரண்டு கையாலும் பிடித்தேன்.

எந்த எழுத்து என்று கேட்டது,
எஃப் என்று அதுவே எடுத்தும் கொடுத்தது.
வேண்டாம்.
இறங்கி, இன்னும் இறங்கி,
அடிமட்டத்துக்குப் பக்கத்தில் ஒய்யை எடுத்தேன்.
யோகத்துக்கும் அதுதான் முதல், யீக்கும் அதுதான் முதல்.
நடுராத்திரியில் கணக்குக்காரிக்கு
இவ்வளவு திமிர் இருக்கலாம்.

திறந்தது,
எங்கேயும் போகாதவன் போல.
ஐயாயிரத்து எழுநூற்று அறுபது மூட்டை,
ஒன்று குறையவில்லை.

இரண்டு இடத்தில் பிரதி எடுத்தேன்.
துறைமுகத்துக்கு அனுப்பினேன்,
பச்சைக் கோடு எறும்பு நடையில் போய்ச் சேர்ந்தது.
பிறகு, முதல்முறையாக,
"பாதுகாப்பாக வெளியேற்று" என்பதை அழுத்திவிட்டு
அதன் விளக்கு தானாகக் கண்மூடும்வரை இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பிரிண்டரை மாட்டியது நான்தான்.
முதலாளியிடம் சொல்லப்போவதில்லை.
நீங்கள் சொன்ன மாதிரியே
ரெண்டு தட்டு தட்டினேன், வந்துவிட்டது என்பேன்.